மூக்கை வீட்டில் வைத்துவிட்டு வா

மேற்கு மலை அடிவாரத்தில், திராட்சைப் பந்தல்கள் முடிந்து வாழைத் தோட்டங்கள் தொடங்குகிற இடத்தில், ஓடு வேய்ந்த கட்டடம் ஒன்று இருக்கிறது. ஒயின் பள்ளிக்கூடம். அங்கே குடிக்கக் கற்றுத்தருகிறார்கள் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. உள்ளே போய்ப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், அங்கே முதல் பாடமே துப்புவது எப்படி என்பது.

அந்தப் பள்ளிக்கூடத்தின் டீச்சர் ஜெசிந்தா. கடல் தாண்டிப் போய், ஒயின் படிப்பில் இதற்கு மேல் வகுப்பே இல்லை என்கிற வரைக்கும் படித்துவிட்டு வந்தவள். "அங்கேயே இருந்துருக்கலாமே?" என்று கேட்டவர்களிடம், "பந்தல் இங்கனதான இருக்கு" என்று மட்டும் சொன்னாள்.

ஒச்சம்மா அவளுடைய மாணவி. மாணவி என்றதும் சின்னப் பெண் என்று நினைத்துவிட வேண்டாம். இருவருக்கும் ஒரே வயது. பஞ்சாயத்துப் பள்ளிக்கூடத்தில் ஒரே பலகையில் உட்கார்ந்து, ஒரே புளியங்காயை உப்புத் தொட்டுக் கடித்தவர்கள். அந்தக் காலத்தில் கணக்குப் பரீட்சையில் ஜெசிந்தாவுக்கு விடையைக் காட்டியதே ஒச்சம்மாதான்.

அதனால் முதல் நாளே ஜெசிந்தா ஒரு சட்டம் போட்டாள்.

"இந்தா பாரு. வாசப்படிக்கு வெளிய நீயும் ஏடி, நானும் ஏடி. உள்ள வந்துட்டா நான் டீச்சர்."

"உள்ள வந்தா நான் யாரு?"

"அதுக்குத்தான வந்துருக்க" என்றாள் ஜெசிந்தா.

ஒச்சம்மாவின் மூக்கு ஊருக்கே தெரிந்த மூக்கு. தெருவில் நடந்துபோகும்போதே, எந்த வீட்டில் பால் அடிப்பிடிக்கப் போகிறது என்று சொல்லிவிட்டுப் போவாள். அடுப்படிக்கு ஓடிப் பார்த்தால் சரியாக இருக்கும். கல்யாணமாகி வந்த புதிதில், மாமியார் பேச்சியம்மாவின் குழம்பை மோந்துவிட்டு, "பெருங்காயம் பழசு அத்தே" என்று சொல்லி, ஒரு வாரம் பேச்சுவார்த்தை இல்லாமல் போனதும் உண்டு.

சந்தியாகு முதலாளியின் ஒயின் ஆலையில் அவள் பழம் பொறுக்கும் வேலைக்குத்தான் போனாள். ஒரு நாள் தண்ணீர் குடிக்கப் போகிற வழியில், "இந்தத் தொட்டி நேத்து மாதிரி இல்லையே" என்றாள். மூடி சரியாக மூடாமல் இருந்தது. அன்றைக்கே பழக்கூடையை இறக்கி வைக்கச் சொல்லிவிட்டார் முதலாளி. அவர் மூக்குப்பொடி போடுகிறவர். ஒயினுக்கும் விளக்கெண்ணெய்க்கும் அவருக்கு வித்தியாசம் தெரிவது நிறத்தை வைத்துத்தான். ஆலைக்கு ஒரு மூக்கு தேவைப்பட்டது. கிடைத்தது. அவர்தான் அவளைப் பள்ளிக்கூடத்துக்கும் அனுப்பினார்.

"ஊரே குடிக்காத குடிக்காதன்னு கத்துது. நீ பையைத் தூக்கிட்டுக் குடிக்கப் படிக்கப் போறியாக்கும்?" என்றாள் பேச்சியம்மா.

"குடிக்கறது இல்ல அத்தே. வாயில வச்சுட்டுத் துப்பிறணும்."

"காசு போட்டு வாங்குனதைத் துப்புறதா? அதுக்குக் குடிச்சாவே தேவல."

முதல் வகுப்பை ஒச்சம்மா சிரித்துக்கொண்டே முடித்தாள். இரண்டாம் வகுப்பையும் சிரித்துக்கொண்டே முடித்தாள். எந்தக் கோப்பையை வைத்தாலும் மூக்கு முந்திக்கொண்டு பதில் சொல்லிவிடும்.

அந்த மூக்கு ஒரே ஒரு தடவைதான் காலை வாரியது. அன்றைக்கு வெள்ளிக்கிழமை. தலை நிறைய மல்லிகை வைத்துக்கொண்டு வந்திருந்தாள். வெள்ளை ஒயின் ஒன்றை மோந்துவிட்டு, "பூ வாசம் டீச்சர். சுத்தமா மல்லிகைப்பூ வாசம்" என்றாள்.

ஜெசிந்தா எழுந்து வந்து, அவள் தலையிலிருந்த பூச்சரத்தை எடுத்து, வாசல் நிலையில் இருந்த ஆணியில் மாட்டிவிட்டு வந்தாள்.

"இப்ப மோந்து பாரு."

ஒச்சம்மா மோந்து பார்த்தாள். ஒயினில் இருந்த மல்லிகையும் ஆணிக்குப் போய்விட்டிருந்தது.

அதற்குப் பிறகு வகுப்புக்கு வருகிற பெண்கள் எல்லோரும் பூவை அந்த ஆணியில் மாட்டிவிட்டுத்தான் உள்ளே வருவார்கள்.

மூன்றாவதுதான் மேல்வகுப்பு. அதற்கான புத்தகத்தைக் கையில் வாங்கியபோதுதான் ஒச்சம்மாவுக்குச் சிரிப்பு நின்றது. தலைக்கு வைத்துப் படுக்கலாம், அவ்வளவு தடிமன். மண்ணைப் பற்றி, மழையைப் பற்றி, புளிப்பைப் பற்றி, பழத்தோலில் ஒட்டியிருக்கிற கண்ணுக்குத் தெரியாத உயிர்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக இருந்தது.

போதாததற்கு, முதல் வாரமே டீச்சர் மேசை மேல் வரிசையாகச் சின்னச் சின்னக் குப்பிகளை வைத்தாள். ஒவ்வொன்றும் ஒரு கெட்டுப்போன ஒயின்.

"நல்ல வாசத்தைப் படிக்க வந்தா நாத்தத்தைப் படிக்கச் சொல்றீங்களே டீச்சர்!"

"நாத்தத்துக்கும் ஊரு பேரு உண்டு ஒச்சம்மா. மோந்து பாத்து, உங்க வீட்டு அடுப்படியில இருந்து ஒரு பேரு வையி. ஆனா நீ வைக்கிற பேரைக் கேட்டதும் இங்க உள்ள எல்லாருக்கும் அதே குப்பி கைக்கு வரணும்."

ஒன்றுக்குக் காடி என்று பெயர் வைத்தார்கள். ஒன்றுக்கு நனைந்த சாக்கு. ஒன்றுக்கு நகப்பூச்சு. ஒன்றை மோந்ததும் வகுப்பே முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒரே குரலில் கத்தியது, "கூமுட்டை!"

ஒவ்வொரு நாற்றமும் எங்கிருந்து வருகிறது, எது போகும், எது போகவே போகாது, போக்க என்ன வழி என்று டீச்சர் சொல்லிக்கொண்டே போனாள். ஒச்சம்மா கொட்டாவி விட்டாள். அவளைப் பொறுத்தவரை ஒயின் இரண்டே சாதி. ஒன்று மணக்கும், இன்னொன்று நாறும். அதைச் சொல்ல அவள் மூக்கு போதும்.

வகுப்பு முடிந்ததும் கேட்டேவிட்டாள்.

"டீச்சர், ஒரு கேள்வி."

"கேளு."

"எனக்கு மூக்கு இருக்கு."

"இருக்கு."

"நல்ல மூக்கு."

"இந்த மலையடிவாரத்துலயே அதுக்கு ஈடு கிடையாது."

"அப்புறம் எதுக்கு டீச்சர் எனக்கு இம்புட்டுப் பெரிய படிப்பு?"

ஜெசிந்தா கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"மூக்கை வீட்டுல வச்சுட்டு வா. சொல்றேன்."

ஒச்சம்மா வழி நெடுக முணுமுணுத்துக்கொண்டே போனாள். மூக்கு என்ன குடையா, வீட்டில் வைத்துவிட்டு வர?

ஆலையில் அவளுக்கென்று ஒரு தொட்டி இருந்தது. அந்தப் பக்கத்து ஒயின் என்றால் சர்க்கரையைக் கொட்டித் தித்திக்கத் தித்திக்கப் போடுவதுதான் வழக்கம். "சக்கரை வேணாம் முதலாளி. பன்னீர்த் திராட்சையோட சொந்த ருசியிலயே ஒண்ணு போட்டுப் பாப்போம்" என்று ஒச்சம்மாதான் நச்சரித்து நச்சரித்துச் சம்மதிக்க வைத்தாள்.

"போட்டுப் பாரு. நல்லா வந்தா அந்த வரிசைத் தொட்டி எல்லாம் உன் பொறுப்பு. கெட்டுப்போச்சுன்னா நீ பழைய மாதிரி பழக்கூடைக்குப் போயிரு, நானும் பழைய மாதிரி சக்கரை மூட்டைக்குப் போயிருறேன்" என்றார் முதலாளி. கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் சொன்னால் சொன்னதுதான் அவருக்கு.

ஆலையில் எல்லோரும் அதை ஒச்சம்மா தொட்டி என்றே சொன்னார்கள். பழம் பறித்து, நசுக்கி, தொட்டியில் ஏற்றி, அது பொங்க ஆரம்பித்த வாரத்தில்தான் ஒச்சம்மாவுக்குத் தலை சுற்றியது.

மசக்கை.

வீட்டில் ஒரே கொண்டாட்டம். அவள் புருஷன் சுருளி சபரிமலைக்கு மாலை போட்டிருந்தான். "சாமி குடுத்துட்டாரு, நான் இன்னும் மலையே ஏறல, அதுக்குள்ள குடுத்துட்டாரு" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். பேச்சியம்மா அன்றிலிருந்து மருமகளைத் தனியாகப் படி தாண்ட விடவில்லை. எங்கே போனாலும் புளி போட்டுப் பளபளவென்று விளக்கிய தாமிரச் சொம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு கூடவே போனாள்.

ஒச்சம்மாவுக்குத்தான் சந்தோஷத்தோடு சந்தோஷமாக ஒரு கஷ்டம். சோறு கொதிக்கிற வாசம் பிடிக்கவில்லை. சோப்பு வாசம் பிடிக்கவில்லை. மாலை போட்ட புருஷன் பூசிக்கொண்ட சந்தன வாசம் பிடிக்கவில்லை. ஒயின் என்று நினைத்தாலே குடல் வாய்க்கு வந்தது. ஒரு சொட்டுகூட நாக்கில் படக் கூடாது என்று நர்ஸம்மாவும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

தடிப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனாள். உள்ளே போகாமல் வாசப்படிக்கு வெளியிலேயே நின்றுகொண்டாள்.

"ஏடி ஜெசி, இந்தா உன் புத்தகம். நான் நின்னுக்கறேன்டி."

"ஏன்டி?"

"மசக்கைடி. மூக்கு என் பேச்சைக் கேக்க மாட்டேங்குது. மோந்தா வாந்தி, நாக்குல வைக்கவும் கூடாது. மூக்கும் இல்லாம நாக்கும் இல்லாம நான் என்னத்தப் படிக்க?"

ஜெசிந்தா அவள் கன்னத்தைக் கிள்ளி முத்தம் கொடுத்தாள். பிறகு அவள் கையைப் பிடித்து இழுத்து வாசப்படியைத் தாண்ட வைத்தாள். உள்ளே வந்ததும் குரல் மாறியது.

"உக்காரு. இனிமேதான் பாடம்."

"வாந்தி வந்தா டீச்சர்?"

"துப்புறதுக்குத்தான் வாளி இருக்கே. அதுல இதுவும் போகட்டும்."

மறுநாளிலிருந்து ஒச்சம்மா ஜன்னலோரம், எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மற்றவர்கள் கோப்பையைக் கையில் எடுப்பார்கள். அவளுக்குக் கோப்பை இல்லை.

"நீ கேளு. அவங்க மோந்து சொல்லட்டும். என்ன ஒயினுன்னு நீ சொல்லு" என்றாள் டீச்சர்.

முதல் நாள் ஒச்சம்மா, "நல்லாருக்கா?" என்று கேட்டாள்.

"நல்லாருக்கு."

"அப்புறம்?"

"அப்புறமும் நல்லாருக்கு" என்றார்கள்.

வகுப்பு சிரித்தது. ஒச்சம்மாவும் சிரித்தாள். ஆனால் அடுத்து என்ன கேட்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. அன்றைக்கு வீட்டுக்குப் போய்ப் புத்தகத்தைத் திறந்தாள். தலைக்கு வைத்துப் படுக்க அல்ல.

கொஞ்சம் கொஞ்சமாகக் கேள்விகள் வந்தன. துப்புனதுக்கு அப்புறம் வாயில எச்சி ஊறுதா, வறண்டு போகுதா? ஊறினா நாக்கோட ஓரத்துலயா, நடுவுலயா? பழ வாசமா, பழத்தை வேகவச்ச வாசமா? மோந்ததும் வருதா, கொஞ்ச நேரம் கோப்பையைச் சுத்துனதுக்கு அப்புறம் வருதா?

ஒரு நாள் அவள் கேட்டுக் கேட்டே, "இது வெயில் ஊரு ஒயின். பழத்தை நாள் கடத்திப் பறிச்சுருக்காங்க" என்றாள். டீச்சர் பாட்டிலைத் திருப்பிக் காட்டினாள். சரியாக இருந்தது. ஒச்சம்மாவுக்கு அது ஏதோ கண்கட்டு வித்தை மாதிரி வேடிக்கையாக இருந்தது. அவ்வளவுதான்.

மார்கழி பிறந்து, காலையில் பந்தல் மேல் பனி இறங்குகிற நாளில், சந்தியாகு முதலாளியிடமிருந்து போன் வந்தது.

"ஒச்சம்மா, உன் தொட்டி நாறுதும்மா."

"என்ன முதலாளி சொல்றீங்க?"

"என் மூக்குக்கே நாறுதுன்னா பாத்துக்க. பொடி போட்ட மூக்கு! மூடியைத் தெறந்தா ஆளு நிக்க முடியல. வாய்க்கால்ல தெறந்து விடச் சொல்லிட்டேன். உன் தொட்டிங்கறதால உன்கிட்ட ஒரு வார்த்தை."

"நான் வர்ற வரைக்கும் தெறந்துறாதீங்க!"

ஒச்சம்மா அரைகுறையாக முடியைச் சுருட்டிக்கொண்டு ஓடினாள். ஓடாத ஓடாத என்று கத்திக்கொண்டு பேச்சியம்மா சொம்போடு பின்னால் ஓடினாள்.

ஆலை வாசலில் கால் வைத்ததுதான் தாமதம், ஒச்சம்மா வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டாள். வயிற்றில் இருந்தது எல்லாம் வந்தது. தொட்டியோ உள்ளே, நான்கு கதவு தள்ளி. அவளால் வேப்பமரத்தைத் தாண்ட முடியவில்லை. கவிழ்த்துப் போட்டிருந்த பழக்கூடை மேல் உட்கார்ந்தாள். அந்தப் பழைய பழக்கூடையிலேயே உட்கார நேர்ந்ததை நினைத்ததும் அவளுக்குக் கண்ணைக் கரித்தது.

"ஒரு கோப்பையில எடுத்துட்டு வரட்டுமா?" என்றார் முதலாளி.

"வேணாம், கிட்ட கொண்டாராதீங்க! வேற யாராவது மோந்து சொல்லுங்க."

"அதான் எல்லாரும் மோந்தாச்சே. நாறுதுன்னு சொல்லியாச்சே."

ஒச்சம்மா சுற்றிலும் பார்த்தாள். முதலாளிக்குப் பொடி மூக்கு. புருஷனைக் கூப்பிடலாம் என்றால் அவன் மாலை போட்டிருக்கிறான். அவள் பார்வை தாமிரச் சொம்பின் மேல் வந்து நின்றது. அங்கிருந்து சொம்பை வைத்திருந்தவள் மேல் போனது.

"அத்தே."

"என்னாத்தா? தண்ணி வேணுமா?"

"நீங்க போயி மோந்து பாருங்க."

"நானா!" பேச்சியம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "எங்க வகையறாவுலயே பொம்பளை சாராயக் குடத்தைத் தொட்டதில்லடி!"

"தொட வேணாம் அத்தே. மோந்து பாத்தா போதும். உங்க பேரப்பிள்ளைக்காக."

பேரப்பிள்ளைக்கும் தொட்டிக்கும் என்ன சம்பந்தம் என்று பேச்சியம்மாவுக்குப் புரியவில்லை. ஆனாலும் முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு உள்ளே போனாள். போன வேகத்தில் திரும்பி வந்தாள்.

"நாறுது. கொட்டித் தொலைங்க."

"எப்படி நாறுது?"

"நாத்தத்துல என்னாடி எப்படி? நாறுது!"

"காடி மாதிரியா அத்தே? ஊறுகாய்க்கு ஊத்துவோமே, அது மாதிரி?"

"இல்ல."

"மூக்குல ஏறிக் கண்ணு எரியுதா?"

பேச்சியம்மா யோசித்தாள். "எரியல. கண்ணு நல்லாத்தான் இருக்கு."

"மழையில நனைஞ்ச சாக்கு?"

"அது வேற நாத்தம்டி, எனக்குத் தெரியாதா? இது..." பேச்சியம்மா நிறுத்தி, மறுபடி ஒரு தடவை உள்ளே போய்விட்டு வந்தாள். இந்தத் தடவை மெதுவாக வந்தாள். "கூமுட்டை. அடைக்கு வச்ச கோழி விட்டுட்டுப் போன முட்டை. அதே."

ஒச்சம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"முதலாளி, இந்தத் தொட்டிப் பழம் எந்தத் தோட்டம்?"

"மேக்குத் தோட்டம்."

"பறிக்கறதுக்கு முன்னாடி அங்க மழை பெஞ்சுச்சா?"

"நல்ல மழை. இலையெல்லாம் சாம்பல் நோய் விழுந்துருச்சுன்னு பதறிக்கிட்டுக் கந்தகம் தூவுனாங்க. வழக்கமா தூவுறதுதான."

"எப்ப தூவுனாங்க?"

"பறிக்கறதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான். ஏன்?"

ஒச்சம்மா கண்ணை மூடிக்கொண்டாள். மேசை மேல் வரிசையாக இருந்த குப்பிகள் தெரிந்தன. டீச்சரின் குரல் கேட்டது. கொட்டாவிக்கு நடுவில் எப்படியோ அது உள்ளே போய்விட்டிருந்தது. காடியாகிவிட்டால் திரும்ப வழி இல்லை. கூமுட்டைக்கு வழி உண்டு, நாள் கடத்தாமல் பிடித்தால். பழத்தோலில் மிஞ்சிய கந்தகம் தருகிற நாற்றம் அது, காற்றுக்கும் தாமிரத்துக்கும் போய்விடும்.

"அத்தே, அந்தச் சொம்பைக் குடுங்க."

"தண்ணி குடி."

"தண்ணியைக் கீழ ஊத்திட்டுக் குடுங்க."

"எதுக்கு?"

"முதலாளி, அதுல கொஞ்சம் ஒயின் பிடிச்சுட்டு வரச் சொல்லுங்க."

பேச்சியம்மா சொம்பை மார்போடு அணைத்துக்கொண்டாள். "ஏ புள்ள! எங்க அப்பன் சீரா குடுத்த சொம்புடி இது! இதுலயா சாராயத்தை ஊத்தச் சொல்ற?"

"திருப்பி நானே புளி போட்டு விளக்கித் தர்றேன்."

"புளி வாசமே உனக்கு ஆகாது, நீ விளக்கப் போறியாக்கும்" என்று திட்டிக்கொண்டே பேச்சியம்மா சொம்பைக் கொடுத்தாள்.

ஒயின் வந்தது. ஒச்சம்மா எலுமிச்சம்பழத்தை மூக்கில் அழுத்திக்கொண்டு தள்ளி உட்கார்ந்தாள்.

"சுத்துங்க அத்தே. மோருக்கு உப்புப் போட்டுக் கலக்குற மாதிரி. நல்லா. காத்துப் படட்டும்."

பேச்சியம்மா சுற்றினாள். சுற்றச் சுற்ற வாயும் ஓயவில்லை. "கட்டுன நாள்ல இருந்து இந்தச் சொம்புல பாலும் தண்ணியும் தவிர எதையும் ஊத்தல. இன்னைக்கு இவ..."

"இப்ப மோந்து பாருங்க."

பேச்சியம்மா முகத்தைத் தூர வைத்துக்கொண்டு மோந்தாள். பிறகு கிட்டப் போய் மோந்தாள். பிறகு சொம்புக்குள்ளேயே மூக்கை விட்டாள். அவள் வாய் நின்றுவிட்டது.

"என்ன அத்தே?"

"போச்சுடி."

"எது போச்சு?"

"நாத்தம். எங்க போச்சுன்னு தெரியல. காணோம்."

"அந்த எடத்துல இப்ப என்ன இருக்கு?"

பேச்சியம்மா மறுபடி மோந்தாள். "கல்யாண வீட்டு வாசல்ல தெளிப்பாங்கள்ல பன்னீர். அது. அது கூட, ஈர மண்ணு."

முதலாளி சொம்பை வாங்கித் தன் பொடி மூக்கால் இழுத்து இழுத்து மோந்து பார்த்தார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. நாறவில்லை என்பது மட்டும் தெரிந்தது. அவருக்கு அதுவே போதுமாக இருந்தது.

"வாய்க்காலுக்கு வேணாம்" என்றாள் ஒச்சம்மா. எழுந்து நின்றிருந்தாள். "பக்கத்துத் தொட்டியைக் கழுவி, இதை அதுக்கு மாத்துங்க. குழாயை அடியில விடாதீங்க. மேல இருந்து அருவி மாதிரி விழட்டும், காத்துப் படட்டும். அதுக்கு அப்புறமும் மிச்சம் இருந்தா தாமிரம் எம்புட்டு, எப்படிங்கறதை டீச்சரைக் கேட்டுச் சொல்றேன். அது அளவு பாத்துச் செய்யற வேலை, நம்மளா சொம்பைத் தூக்கிப் போட்டுறக் கூடாது. மேக்குத் தோட்டத்துக்கும் ஆளு அனுப்புங்க. இனிமே பறிப்பு நெருங்குனா கந்தகம் வேணாம்."

முதலாளி தலையாட்டிக்கொண்டே பொடி டப்பாவைத் திறந்தார். என்ன நினைத்தாரோ, மூடிச் சட்டைப்பையிலேயே போட்டுக்கொண்டார்.

அன்று மத்தியானம் ஒச்சம்மா பள்ளிக்கூடத்துக்குப் போனாள். சொம்பில் சுற்றிய ஒயினில் கொஞ்சத்தை ஒரு பாட்டிலில் அடைத்துக் கொண்டுவந்திருந்தாள். பேச்சியம்மா உள்ளே வர மாட்டேன் என்று மரத்தடியிலேயே உட்கார்ந்துகொண்டு, எங்கிருந்தோ புளி வாங்கி வைத்துச் சொம்பை விளக்க ஆரம்பித்துவிட்டாள்.

ஜெசிந்தா கோப்பையில் ஊற்றினாள். பார்த்தாள். மோந்தாள். வாயில் வைத்து, வாளியில் துப்பினாள். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை.

"கூமுட்டையா?"

"ஆமா டீச்சர்."

"கந்தகமா?"

"ஆமா."

"நீ மோந்தியா?"

"இல்ல. வேப்பமரத்தைத் தாண்டல."

"நாக்குல வச்சியா?"

"நர்ஸம்மா கொன்னே போடுவாங்க."

"அப்ப மோந்தது யாரு?"

"எங்க அத்தே."

"அவங்களுக்கு ஒயின் தெரியுமா?"

"கோப்பையைப் பிடிக்கவே தெரியாது. உள்ள போனாங்க, வந்தாங்க. நாறுது, கொட்டித் தொலைங்கன்னாங்க. அம்புட்டுத்தான்."

"ம்."

ஜெசிந்தா மறுபடி கோப்பையை எடுத்து மோந்தாள். இந்தத் தடவை பாடத்துக்காக மோந்த மாதிரி இல்லை. ஆசைக்கு மோந்த மாதிரி இருந்தது. பிறகு கோப்பையை மேசை மேல் வைத்து, தடிப் புத்தகத்தை ஒச்சம்மாவின் பக்கம் நகர்த்தினாள்.

"மூக்குப் பரீட்சை பிள்ளை பெத்து எந்திரிச்சதுக்கு அப்புறம் எழுதிக்கலாம். எழுத்துப் பரீட்சையை மட்டும் மாசி மாசத்துக்குள்ள முடிச்சுரு. தொட்டிலாட்டிக்கிட்டு இதைப் படிக்க முடியாது."

"சரி டீச்சர்."

"போ. அவங்க காத்துக்கிட்டு இருக்காங்க."

ஒச்சம்மா புத்தகத்தை எடுத்துக்கொண்டு வாசல் வரைக்கும் போனாள். ஆணியில் யாருடைய பூவோ தொங்கியது. வாசப்படியைத் தாண்டப் போனவள் காலை எடுத்து உள்ளேயே வைத்துக்கொண்டு திரும்பினாள். ஏடி என்று கேட்கிற கேள்வி அல்ல அது.

"டீச்சர், மூக்கை வச்சுட்டு வந்தா சொல்றேன்னீங்க. வச்சுட்டு வந்தும் இம்புட்டு நாளாச்சு. இன்னும் பதிலு சொல்லலையே?"

"என்ன கேட்ட?"

"நல்ல மூக்கு இருக்கறவளுக்குப் படிப்பு எதுக்குன்னு."

ஜெசிந்தா கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

"நல்ல மூக்கு இருந்தும் கொட்டித் தொலைங்கன்னவங்க ஒருத்தர் மரத்தடியில உக்காந்துருக்காங்க. அவங்களைக் கேளு."

ஒச்சம்மா வெளியே பார்த்தாள். விளக்கி முடித்த சொம்புக்குள் மூக்கை விட்டு, பேச்சியம்மா இன்னொரு தடவை மோந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒச்சம்மா புத்தகத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வாசப்படியைத் தாண்டினாள்.